ஓடையில் போட்ட மூன்று குழாய்: தற்காலிகம் என்றால் எத்தனை வருஷம்?

#1 தென்கரைப்பையன்

2023 டிசம்பர் 17, 18 மழையை எங்கள் பக்கத்து ஆட்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. எங்கள் ஊர் தாமிரபரணிக்குத் தென்கரை. ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவில் ஒரு ஓடை. அதில் தண்ணீர் போக ரெண்டு கண் வைத்த பழைய கல்வெர்ட், அதாவது சின்னப் பாலம், இருந்தது. மேலே குளம் உடைந்து வந்த தண்ணீரில் அது சாலையோடு சேர்ந்து போய்விட்டது. நாலு நாள் ஊருக்குள் பால் பாக்கெட்கூட வரவில்லை. ஐந்தாம் நாள் ஜேசிபி வந்து மூன்று சிமெண்ட் குழாயை இறக்கி, மேலே சரள் அடித்து, வேன் போகிற மாதிரி செய்து கொடுத்தார்கள். அன்றைக்கு அந்த டிரைவருக்கு ஊரே டீ வாங்கிக் கொடுத்தது, நானும்தான். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ரெண்டு வருஷம் ஆகப் போகிறது, இன்னும் அதே மூன்று குழாய்தான் கிடக்கிறது. போன மழைக்கு, அதுவும் பெரிய மழை இல்லை, ஒரு ஓரம் சரிந்தது. மறுபடியும் ரெண்டு டிப்பர் சரள் கொட்டினார்கள். கேட்டால் "இது தற்காலிகம், நிரந்தர வேலைக்கு எஸ்டிமேட் போயிருக்கு" என்கிறார்கள். ரெண்டு கேள்வி: இப்படிக் குழாய் போடுவது சரியான முறைதானா? வெள்ளத்துக்குப் பிறகு எதை முதலில் சரி செய்வது, எதைப் பிறகு என்று யார் முடிவு செய்கிறார்கள்?

#2 பனங்காட்டான்

எங்கள் ஊரிலும் இதே கதைதான் தம்பி. தற்காலிக ரேஷன் கடை 12 வருஷமாக ஓடுகிறது.

#3 பழைய ஓவர்சியர்

தம்பி, நான் சாலை வேலையில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். குழாய் போட்டது தப்பில்லை. உடைப்பை அடைப்பது, தண்ணீர் போகக் குழாய் வைப்பது, பாலம் போன இடத்தில் சுற்றுப்பாதை, பாலத்தில் ஏறுகிற அணுகுசாலை அரித்திருந்தால் நிரப்புவது, இதெல்லாம்தான் பேரிடர் நிதி விதியில் 'உடனடிச் சீரமைப்பு' என்று எழுதியே இருக்கிறது. ஊருக்குள் ஆம்புலன்ஸ் போக வேண்டும், அவ்வளவுதான் அதன் நோக்கம்.

ஆனால் எனக்கு ரெண்டு அளவு வேண்டும். பழைய கல்வெர்ட்டின் ஒரு கண் எவ்வளவு அகலம், எவ்வளவு உயரம்? இப்போது போட்டிருக்கும் குழாயின் உள்விட்டம் எத்தனை அடி?

#4 தென்கரைப்பையன்

அண்ணாச்சி, அப்பாவிடம் கேட்டேன். பழைய கண் ஒவ்வொன்றும் பத்தடி அகலம், ஆள் நிமிர்ந்து போகலாம், ஆறடி இருக்கும் என்கிறார். குழாய் மூன்றடி. சின்ன வயசில் அந்தக் கண்ணுக்குள் கிரிக்கெட் பந்து தேடிப் போயிருக்கிறேன், அதனால் ஆறடி என்பது சரியாகத்தான் இருக்கும்.

#5 பழைய ஓவர்சியர்

சரி, கணக்குப் போடுவோம். பழையது பத்துக்கு ஆறு, ரெண்டு கண்: 120 சதுர அடி. மூன்றடிக் குழாயின் வாய் ஒன்றுக்கு ஏழு சதுர அடி, மூன்றுக்கும் சேர்த்து 21. அதாவது முன்பு தண்ணீருக்கு இருந்த வழியில் ஆறில் ஒரு பங்குதான் இப்போது இருக்கிறது. மீதி ஐந்து பங்கு இடத்தில் மண்ணை நிரப்பி ஓடைக்குக் குறுக்கே ஒரு கரை போட்டு வைத்திருக்கிறீர்கள். அதற்கு மேலே வண்டி ஓடுவதால் சாலை என்கிறோம்.

ஒரு மாதம், ரெண்டு மாதம், மழை இல்லாத நாளில் இது போதும். அடுத்த ஐப்பசிக்குள் எடுத்திருக்க வேண்டும். எடுக்காவிட்டால் தண்ணீர் மேல்பக்கம் தேங்கும், உங்கள் ஊர் வீடுகள் எந்தப் பக்கம் இருக்கிறதோ அதைப் பொறுத்து வீட்டுக்குள்ளும் வரும். அப்புறம் சாலைக்கு மேலே ஏறி மறுபக்கம் விழும். எல்லோரும் தண்ணீர் வந்து மோதுகிற பக்கத்தில்தான் மணல் மூட்டை அடுக்குவார்கள். சாலை போவது அந்தப் பக்கத்தில் இருந்து இல்லை. தண்ணீர் விழுகிற பக்கத்தில் குழி விழும், அந்தக் குழி சாலையைப் பின்னாலிருந்து தின்றுகொண்டே வரும். நீ சொன்ன ஓரச் சரிவு கீழ்ப்பக்கமா?

#6 தென்கரைப்பையன்

கீழ்ப்பக்கம்தான். எப்படிச் சொன்னீர்கள்?

#7 மறுகால்

ஓவர்சியர் அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் நான் விவசாயி, கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். 62 செ.மீ. மழைக்கு 120 சதுர அடி இல்லை, 240 இருந்தாலும் தாங்காது. அன்றைக்கு வந்தது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை, வரிசையாகக் குளம் உடைந்து வந்த தண்ணீர். ஒரு குளத்துக் கரை போனால் அடுத்த குளத்துக்கு இரட்டைத் தண்ணீர். குளம் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிகிற கலுங்கு வழியாக மறுகால் பாய்ந்து, வாய்க்கால் பிடித்து, அடுத்த குளத்துக்குப் போவதுதான் நம் பக்கத்து ஏற்பாடு. கலுங்குக்கு வெளியே மறுகால் ஓடையில் எத்தனை இடத்தில் வீட்டு மனை, எத்தனை இடத்தில் சீமைக்கருவேலம்? பாலத்தை மட்டும் பெரிதாகக் கட்டி என்ன பிரயோஜனம்?

எங்கள் குளத்து உடைப்பை அடைத்ததைச் சொல்கிறேன். பனங்கட்டையை ரெண்டு வரிசையாக அடித்து இறக்கி, நடுவில் மணல் மூட்டை. அப்போதைக்கு நின்றது. மூட்டைக்கு மேலே கரம்பை மண் அடித்து, அரை அடிக்கு ஒரு தடவை தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டினால்தான் கரை. இங்கே மூட்டைக்கு மேலே நேரே டிப்பரில் மண்ணைத் தட்டிவிட்டுப் போனார்கள். கோடையில் பிளாஸ்டிக் சாக்கு வெயிலில் பொடிந்து மணல் ஒழுகியது. நாங்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தச் செலவில் ரெண்டு நாள் டிராக்டர் விட்டு மண் அடித்தோம்.

#8 கம்பத்துக்காரன்

ரெண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். மின்வாரிய வேலை, லைனில் ஏறுகிறவன். எது முதலில் என்று எழுதி வைத்த வரிசை இருக்கும், ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், செல்போன் கோபுரம், அப்புறம் வீடு. களத்தில் அந்த வரிசை ரெண்டு மணி நேரம்தான் தாங்கும். குடிநீர் ஏற்ற கரண்டு வேண்டும். கரண்டு கொடுக்க கம்பம் நட வேண்டும். கம்பம் வர லாரி போகிற சாலை வேண்டும். சாலைக்காரர் டீசலுக்குப் போனால் பங்கில் கரண்டு இல்லை.

2023-ல் ஒரு ஊருக்கு லாரி போகவில்லை. சிமெண்ட் கம்பத்தைக் கயிறு போட்டு மூங்கிலில் கோத்து, காவடி மாதிரி பன்னிரண்டு பேர், வயல் வரப்பில் முழங்கால் சேற்றில் தூக்கிப் போனோம். அந்த ஊர்ப் பையன்களும் தோள் கொடுத்தார்கள். ஒன்றரை கிலோமீட்டருக்கு அரை நாள். ஒரே ஒரு கம்பம்.

இன்னொன்று. "தண்ணீர் வடிந்துவிட்டது, ஏன் கரண்டு விடவில்லை" என்று சண்டைக்கு வருவார்கள். டிரான்ஸ்பார்மர் மூழ்கியிருந்தால் எண்ணெயைச் சோதிக்காமல் ஏற்ற முடியாது. வீட்டு மீட்டர் பெட்டிக்குள் சேறு இருக்கும். எல்லாவற்றையும்விட ஜெனரேட்டர். யாராவது வீட்டு ஒயரிங்கில் ஜெனரேட்டரை அப்படியே சொருகியிருந்தால், நாங்கள் எல்.சி. (லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கி அணைத்து வைத்த லைனுக்கு அந்தக் கரண்டு திரும்பி வரும், டிரான்ஸ்பார்மர் வழியாக ஏறும்போது 11 ஆயிரம் வோல்ட்டாக. கம்பத்தில் இருக்கிறவன் செத்தான். அதனால்தான் ஒவ்வொரு தெருவாக நடந்து பார்த்துவிட்டு விடுகிறோம்.

#9 பனங்காட்டான்

#8, உண்மையில் இது எனக்குத் தெரியாது. அந்த வாரம் நானும் அப்படித்தான் சொருகியிருந்தேன். மன்னிக்கவும்.

#10 கம்பத்துக்காரன்

பரவாயில்லை அண்ணே. மாற்றுச் சுவிட்ச் ஒன்று வைத்துவிடுங்கள்.

#11 குழாயடி

கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மோட்டார் ஓட்டுகிறவன். எங்கள் உறிஞ்சு கிணறு ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது, அதுதான் அதன் பலம், வெள்ளத்தில் அதுவே வினை. கிணற்று மூடிக்கு மேலே ரெண்டாள் உயரம் தண்ணீர் போனது. வடிந்த பிறகு பார்த்தால் உள்ளே பாதி மணல், கரையோரக் குழாய் நாற்பது மீட்டருக்கு இருந்த இடமே தெரியவில்லை.

மோட்டார் விஷயம் சொல்கிறேன், யாரும் எழுதமாட்டார்கள். மூழ்கிய மோட்டாரைக் கழற்றி, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, காயில் (உள்ளே இருக்கும் கம்பிச் சுற்று) பக்கத்தில் ரெண்டு 200 வாட் குண்டு பல்பை எரியவிட்டு, தார்ப்பாய் போட்டு மூடி வைப்போம். ஒன்றரை நாள், ரெண்டு நாள். நடுநடுவே ஈரத்தால் கரண்டு கசியுமா என்று காட்டுகிற மெக்கர் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். முள் ஏறினால்தான் கரண்டு. மேலதிகாரி போன் மேல் போன், "இன்னும் ஏன் தண்ணீர் ஏற்றவில்லை?" பொறுக்காமல் ஒரு இடத்தில் காயாமலே போட்டுவிட்டார்கள், காயில் புகைந்தது. ரெண்டு நாள் மிச்சம் பிடிக்கப் போய் எட்டு நாள் போனது. எந்த இடம் என்று கேட்காதீர்கள்.

அப்புறம் பல்பு எரிய கரண்டு எங்கே என்று கேட்பீர்கள். கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுகிற ஜெனரேட்டர்தான்.

தண்ணீர் வந்தவுடன் குடிக்கவும் கூடாது. தொட்டியைக் கழுவி, பிளீச்சிங் பவுடர் கலந்து, கடைசித் தெருக் குழாயில் பிடித்துக் குளோரின் பார்க்க வேண்டும். சாதாரண நாளில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் போதும், வெள்ள நேரத்தில் 0.5 இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். வாசனை வருகிறது என்று திட்டுவார்கள், திட்டட்டும்.

#12 ஜல்லிக்கட்டு

(பெயரைப் பார்த்து மாடு என்று நினைக்காதீர்கள், ரயில்பாதைக்கு ஜல்லி போடுகிற ஒப்பந்தத்தில் சூப்பர்வைசர்.)

செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், சுமார் 800 பேர் ரெண்டு நாள் மாட்டிக்கொண்டார்கள், ஹெலிகாப்டரில் சாப்பாடு போட்டார்கள். செய்துங்கநல்லூர் பக்கம் பாதைக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் மொத்தமாகப் போய், தண்டவாளம் ஸ்லீப்பரோடு தொங்கியதே, அந்தப் படம் பார்த்திருப்பீர்கள். அந்தத் திருநெல்வேலி - திருச்செந்தூர் பாதையில் ஜனவரி முதல் வாரத்திலேயே வண்டி ஓடியது. ஏன் முடிந்தது? மண், ஜல்லி, கொண்டு வரும் வண்டி, ஆள், அனுமதி எல்லாம் ஒரே கையில். ஒரு முனையில் இருந்து நிரப்பிக்கொண்டே, நிரப்பிய பாதையிலேயே அடுத்த லோடு ஜல்லி வரும். இவர் அவரைக் கேட்க வேண்டும் என்ற பேச்சு இல்லை.

#13 பழைய ஓவர்சியர்

ஜல்லிக்கட்டு சொல்வதில் பாதி சரி. ரயில்வேக்குப் பாதை ஒன்றுதான். மாவட்டத்தில் ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கான இடத்தில் உடைப்பு. இருக்கிற ஜேசிபி, இருக்கிற குழாய், இருக்கிற ஆள் அதற்குள் பிரிய வேண்டும். தூத்துக்குடி - திருநெல்வேலி நாற்கரச் சாலையே அந்தோணியார்புரத்தில் பாதிக்கப்பட்டது. முதல் ஜேசிபி அங்கேதான் போகும், போகவும் வேண்டும், துறைமுகச் சாலை. ஏரலில் பாலம் நின்றது, அணுகுசாலை போனது. நான் பார்த்த வெள்ளத்தில் எல்லாம் இப்படித்தான், பாலம் நிற்கும், ரெண்டு பக்க மண் போகும். பாலத்துக்குக் கணக்குப் போடுகிற கவனத்தில் பாதியை அந்த இருபது மீட்டர் மண்ணுக்கு யாரும் போடுவதில்லை.

#14 பனங்காட்டான்

வயநாட்டில் 2024-ல் சூரல்மலையில் ராணுவம் 190 அடி பெய்லி பாலத்தை (இரும்புத் துண்டுகளைக் கோத்துப் போடுவது) ரெண்டு நாளுக்குள் போட்டு 24 டன் வண்டியை ஓட்டினார்கள். நமக்கு அப்படி ஒன்று கிடைக்காதா?

#15 பழைய ஓவர்சியர்

போட்டது ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், நம்ம பெங்களூர் ஆட்கள்தான், பெருமையாக இருந்தது. ஆனால் அங்கே மறுகரையில் மண்ணுக்குள் ஆட்கள், வேறு வழியே கிடையாது. பெய்லி இரும்பு எண்ணிக்கையில் அடங்கியது, அதை உயிர் போகிற இடத்துக்குத்தான் கேட்க வேண்டும். இருபதடி ஓடைக்குக் கேட்டால் சிரிப்பார்கள்.

#16 மூணாவது மாடி

அலுவலகத்தில் ஃபைல் தள்ளுகிறவன், அதனால் கொஞ்சம் திட்டு வாங்கத் தயாராக வந்திருக்கிறேன்.

'எஸ்டிமேட் போயிருக்கு' என்றால் என்ன என்று சொல்கிறேன். பேரிடர் நிதியில் சாலைக்குக் கொடுக்கும் அளவு கிலோமீட்டருக்கு ஒரு லட்சத்தைச் சுற்றித்தான். அதில் சரளும் குழாயும் வரும், பாலம் வராது. மத்தியப் பங்கு 75, மாநிலப் பங்கு 25 என்று போடும் அந்த நிதியே உடனடிச் செலவுக்கானது. நிரந்தர வேலைக்கு வேறு தலைப்பில் பணம் தேட வேண்டும். 2023-ன் ரெண்டு பேரிடருக்கும், அதாவது மிக்ஜாம் புயலுக்கும் தெற்கத்தி வெள்ளத்துக்கும் சேர்த்து, தமிழ்நாடு கேட்டது 37,907 கோடி. 2024 ஏப்ரலில் வந்தது 276 கோடி. உங்கள் ஓடை அந்த இடைவெளிக்குள் எங்கேயோ கிடக்கிறது.

#17 பனங்காட்டான்

இதுக்குக் காரணம் யார் தெரியுமா? [நெறியாளர் நீக்கியது: கட்சிச் சண்டைக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே ஓடை.]

#18 மூணாவது மாடி

நன்றி நெறியாளரே. தொடர்கிறேன். பணம் மட்டும் காரணம் என்று சொல்லி நாங்கள் தப்பிக்கவும் கூடாது. டெண்டர் தாமதம் என்பார்கள். 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தில் 16-வது பிரிவு இருக்கிறது, இயற்கைப் பேரிடர் நேரத்தில் டெண்டர் முறையில் இருந்து விலக்கு. முதல் சில வாரத்தில் அதைப் பயன்படுத்தித்தான் உங்கள் ஊருக்கு ஜேசிபி வந்திருக்கும். அவசரம் முடிந்ததும் அந்தக் கதவும் மூடிவிடும்.

நான் பார்த்த பெரிய ஓட்டை வேறு. தற்காலிக வேலைக்கு, முடித்த வேலையை அளந்து எழுதுகிற அளவுப் புத்தகத்தில் பதிவு ஏறிப் பில் பாஸ் ஆனவுடன், அந்த இடம் பட்டியலில் 'சீரமைக்கப்பட்டது' என்று மாறிவிடும். கலெக்டர் கூட்டத்தில் திரையில் பச்சை. நிரந்தர வேலை பாக்கி என்று தனிப் பத்தி இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் அடுத்த உடைப்பு வரை அந்த இடத்தை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குழாய் போட்ட அன்றைக்கே 'இன்ன தேதிக்குள் எடுக்க வேண்டும்' என்று அளவுப் புத்தகத்தில் ஒரு வரி எழுதச் சொல்லி நான் குறிப்பு வைத்தேன். "தேதி போட்டால் ஆடிட்டில் யார் பதில் சொல்வது" என்று திரும்பி வந்தது.

தென்கரைப்பையன், ஓடை யாருடையது, சாலை யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள். ஓடை நீர்வளத்துறை, சாலை ஊராட்சி ஒன்றியம், ஐம்பது அடி தள்ளினால் நெடுஞ்சாலை என்று இருந்தால் மூன்று பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். "எப்போது கட்டுவீர்கள்" என்று கேட்டால் பதில் சொல்லமாட்டார்கள். எஸ்டிமேட்டின் நகல், அனுப்பிய தேதி, அதில் தண்ணீர் வழி எத்தனை சதுர மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள், இதைக் கேளுங்கள்.

#19 மறுகால்

அந்தக் கடைசிக் கேள்விதான் முக்கியம். பழையபடியே ரெண்டு கண் கட்டினால் பழையபடியே போகும். முன்பு இருந்ததைத் திரும்பக் கட்டத்தான் பணம், முன்னைவிட நல்லதாகக் கட்ட இல்லை என்று ஒரு விதியாம். 2015-ல் ஜப்பானில் செண்டாய் நகரத்தில் உலக நாடுகள் கூடி, இனி முன்னைவிட வலுவாகக் கட்டுவோம் என்று ஏற்றுக்கொண்டார்கள், நாமும்தான் ஏற்றுக்கொண்டோம்.

#20 பழைய ஓவர்சியர்

வலுவாக என்றால் பெரிதாக என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மறுகால் முன்பு சொன்னது நியாயம், 62 செ.மீ. மழைக்கு எந்தக் கண்ணும் போதாது. என்னைக் கேட்டால் அந்த ஓடைக்குத் தரைப்பாலம்தான். கீழே நாலு கண், மேலே கான்கிரீட் தளம், சாலையை உயர்த்தாமல் ஓடைக்கரை மட்டத்துக்கே வைப்பது, பெரிய வெள்ளம் வந்தால் மேலே ஏறிப் போகட்டும். கீழ்ப்பக்கம் அரிப்பைத் தடுக்க மண்ணுக்குள் ஆழமாக ஒரு வெட்டுச்சுவர், அதற்குப் பிறகு கல் பதிப்பு. ஒரு நாள் போக்குவரத்து நிற்கும், மறுநாள் சேற்றைக் கழுவிவிட்டு வண்டி ஓட்டலாம்.

#21 குழாயடி

அண்ணாச்சி, ஒரு நாள் நிற்கும் என்று சுலபமாகச் சொல்கிறீர்கள். அந்த ஒரு நாளில் பிரசவ வலி வந்தால்? தரைப்பாலத்தில் தண்ணீர் போகும்போது பைக்கை விட்டு அடித்துப் போனவர்களை வருஷா வருஷம் பேப்பரில் பார்க்கிறோம்.

#22 பழைய ஓவர்சியர்

சரிதான், நான் மறுக்கவில்லை. ரெண்டு பக்கமும் கேட், அளவுக் கம்பம், ஓரத்தில் வழிகாட்டிக் கல் இல்லாமல் தரைப்பாலம் கட்டக் கூடாது. உயர்மட்டப் பாலம் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை வருஷம் காத்திருக்கப் போகிறீர்கள் என்பதுதான். அதுவரை அந்த மூன்று குழாயோடு இருப்பது ரெண்டையும்விட மோசம்.

#23 தென்கரைப்பையன்

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு டேப்போடு ஓடைக்குள் இறங்கினேன். சில விஷயங்கள்.

ஒன்று, பழைய கல்வெர்ட்டின் ஒரு பக்கச் சுவர் மண்ணுக்குள் இன்னும் நிற்கிறது, அதில் கண் உயரம் ஐந்தே முக்கால் அடி. அப்பா சொன்னது கிட்டத்தட்டச் சரி. ரெண்டு, பள்ளிக்கூடத்து வெளிச் சுவரில் அன்றைய தண்ணீர் நின்ற கறை இன்னும் மங்கலாகத் தெரிகிறது, அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும், அதனால் ஆணியால் கீறி, தேதி போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டேன். ஹெட்மாஸ்டர் பார்த்துவிட்டு என்னடா செய்கிறாய் என்றார், சொன்னதும் அவரே பெயிண்ட் டப்பா எடுத்து வந்தார்.

மூன்றாவதுதான். குழாய் மூன்று என்று எழுதியிருந்தேன். மூன்றில் ஒன்று உள்ளுக்குள் முழுசாக அடைத்திருக்கிறது. பனை மட்டை, சாக்கு, ஒரு சைக்கிள் டயர், மேலே சேறு இறுகிக் கல் மாதிரி. டார்ச் அடித்தால் அடுத்த பக்கம் தெரியவில்லை. அப்போது கணக்கு 21-ம் இல்லை, 14.

#24 பழைய ஓவர்சியர்

தகவல் உரிமை மனுவை நாளைக்கே போடு, அது தன் வேகத்தில் வரட்டும். அந்த அடைப்புக்குக் காத்திருக்காதே. கீழ்ப்பக்கத்தில் இருந்து கம்பி விட்டுக் குத்தி ஓட்டை போட்டு, வடக்கயிறு கோத்து மேல்பக்கம் கொக்கி கட்டி, டிராக்டரில் இழு. யாரும் குழாய்க்குள் நுழையக் கூடாது, பையன்கள் ஆர்வத்தில் நுழைவார்கள், ஆள் வைத்துத் தடு. எடுத்த குப்பையை ஓடைக்கரையிலேயே போட்டுவிட்டு வராதே, முதல் மழைக்கு அதே குழாய்க்குள்தான் போகும்.

#25 மறுகால்

டிராக்டர் என்னிடம் இருக்கிறது. எந்த ஊர் என்று தனிச்செய்தியில் சொல்லு தம்பி, ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். டீசல் நீ போடு.